கொலஸ்ட்ரோல் ரிப்போர்ட்டும் ராத்திரிக் குளிசையும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஹட்டனில் ஒரு பாமசியின் கவுண்டருக்குப் பின்னால் நிற்பது என் வேலை. மருந்துத் துண்டை நீட்டுகிறவர்களுக்குச் சமமாக, ரிப்போர்ட்டை விரித்துவைத்து “இதுல என்னா போட்டிருக்குன்னு கொஞ்சம் பாருங்களேன்” என்கிறவர்களும் வருகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. ரிப்போர்ட் முழுக்க ஆங்கிலம். கிளினிக்கில் விளக்கம் கிடைத்தால் அது அநேகமாகச் சிங்களத்தில், அதுவும் ஓரிரு நிமிஷம்தான். அதனால் திரும்பத் திரும்பக் காதில் விழும் கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே எழுதிப் பதிலும் போட்டிருக்கிறேன். உங்கள் கிளினிக் கொப்பியில் டொக்டர் வேறு மாதிரி எழுதியிருந்தால் அவர் எழுதியதே செல்லும். உங்கள் உடம்பைப் பார்த்தவர் அவர்.

தம்பி, கொலஸ்ட்ரோல் 243ன்னு வந்திருக்கு. பயப்படணுமா?

அந்த ஒரு எண்ணை வைத்து எதுவும் சொல்ல முடியாது. அது மொத்தக் கணக்கு மட்டும். அதற்குக் கீழே இன்னும் நாலைந்து வரி இருக்கும். உதாரணத்துக்கு 52 வயது அக்கா ஒருவருடைய ரிப்போர்ட் இப்படி வந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம்: மொத்தம் 243, ட்ரைகிளிசரைட் (ரத்தத்தில் ஓடும் இன்னொரு வகைக் கொழுப்பு) 160, எச்.டி.எல். 46, வி.எல்.டி.எல். 32, எல்.டி.எல். 165, கடைசியில் மொத்தத்தை எச்.டி.எல்.ஆல் வகுத்த விகிதம் 5.3. விகிதம் தவிர மற்றதெல்லாம் ஒரு டெசிலீட்டர் ரத்தத்தில் இத்தனை மில்லிகிராம் என்ற அளவு. கீழே வரும் பதில்களிலும் இந்த அக்காவின் ரிப்போர்ட்டையே எடுத்துப் பேசுகிறேன்.

முதலில் பார்க்க வேண்டிய வரி, கெட்ட கொலஸ்ட்ரோல் என்கிற எல்.டி.எல். ரத்தக்குழாய்ச் சுவருக்குள் போய்ப் படிந்து, வருஷக்கணக்கில் தடித்து, ஒருநாள் வெடித்து அடைப்பை உண்டாக்குவது இதுதான். மாரடைப்பு பெரும்பாலும் அங்கிருந்துதான் வருகிறது, பாரிசவாதமும் பலருக்கு அப்படித்தான். பொதுவாக 100க்குக் கீழே இருந்தால் நல்லது என்பார்கள். 190 அல்லது அதற்கு மேலே போனால் வேறு எதையும் பார்க்காமலே மருந்து தொடங்குவார்கள். 165 நடுவில் நிற்கிறது. அந்த நடுவில்தான் ஆளைப் பார்த்து முடிவெடுக்க வேண்டியிருக்கிறது. அது ஏன் என்று பின்னால் வரும்.

நல்ல கொலஸ்ட்ரோல் கூடவா இருந்தா கெட்டது ஒண்ணும் பண்ணாதாமே?

அப்படி ஒரு பேச்சு இருக்கிறது, ஆனால் அது சரியில்லை. நல்ல கொலஸ்ட்ரோல் என்கிற எச்.டி.எல். ஆண்களுக்கு 40க்கும் பெண்களுக்கு 50க்கும் கீழே இருந்தால் ஆபத்து கூடுதல் என்பது உண்மை. தெற்காசியர்களான நம்மில் பலருக்கு எச்.டி.எல். குறைந்தும் ட்ரைகிளிசரைட் கூடியும் இருக்கும். ஆனால் எச்.டி.எல்.லை மருந்து கொடுத்து ஏற்றிப் பார்த்தபோது மாரடைப்புக் குறையவில்லை. ஆகவே எல்.டி.எல். 165 உள்ளவருக்கு எச்.டி.எல். 70 இருந்தாலும் அது கவசம் ஆகாது.

நான் கணக்குப் போட்டுக் காட்டுவது இன்னொன்று: மொத்தத்திலிருந்து எச்.டி.எல்.லைக் கழியுங்கள். அந்த அக்காவுக்கு 243இல் 46 போக 197. குழாயில் படியக்கூடிய எல்லா வகையும் சேர்ந்த தொகை அது. ட்ரைகிளிசரைட் கூடியவர்களுக்கும் சீனி வருத்தம் உள்ளவர்களுக்கும் இது எல்.டி.எல்.லைவிட நம்பகமானது. ரிப்போர்ட்டில் பெரும்பாலும் அச்சடித்திருக்காது, நாமே கழித்துக்கொள்ளலாம். கடைசி வரியில் உள்ள விகிதத்தைப் பற்றி அலட்டிக்கொள்ள வேண்டாம்.

போன வருசம் 6.3ன்னு இருந்திச்சு, இப்ப 243. இப்பிடி ஏறுமா?

ஏறவே இல்லை. ஒரு லேப் மில்லிமோலில் எழுதியிருக்கிறது, மற்றது மில்லிகிராமில். கொலஸ்ட்ரோலுக்கு மில்லிமோலை 38.67ஆல் பெருக்கினால் மில்லிகிராம் வரும். 6.3ஐப் பெருக்கிப் பாருங்கள், 243 அல்லது 244 வரும். ட்ரைகிளிசரைட்டுக்கு மட்டும் 88.57ஆல் பெருக்க வேண்டும். எண்ணுக்குப் பக்கத்தில் சின்ன எழுத்தில் அலகு இருக்கும், இரண்டு ரிப்போர்ட்டை ஒப்பிடுமுன் அதைப் பாருங்கள்.

சாயத்தண்ணி மட்டும் குடிச்சிட்டுப் போனேன். டெஸ்ட் பிழைச்சிருமா?

சீனி போட்டுக் குடித்திருந்தால் அது வெறும் வயிறு அல்ல. 10 முதல் 12 மணி நேரம் சாப்பிடாமல் வரச் சொல்லியிருந்தால் தண்ணீர் மட்டும்தான் குடிக்கலாம். முந்தின இரவு சாராயம் எடுத்திருந்தாலும் ட்ரைகிளிசரைட் தூக்கிக் காட்டும். அதே சமயம், சாப்பிட்டுவிட்டுக் கொடுத்த ரத்தம் வீண் என்றும் இல்லை. மொத்தம், எச்.டி.எல்., எல்.டி.எல். மூன்றும் சாப்பாட்டால் அதிகம் மாறுவதில்லை. முதல் தடவை பார்ப்பதற்குச் சாப்பிட்டுவிட்டுக் கொடுத்தாலும் போதும் என்று இப்போது பல நாடுகளில் ஏற்றுக்கொண்டிருக்கிறார்கள். ட்ரைகிளிசரைட் 400க்கு மேல் வந்தால் மட்டும் வெறும் வயிற்றில் திரும்பப் பார்க்க வேண்டும்.

ஒரு எச்சரிக்கை. மேல்பிரிவிலிருந்து முதல் பஸ்ஸில் இறங்கி வந்து, லேப் வரிசையில் நின்று, ரத்தம் கொடுத்து முடிய 10 மணி ஆகிவிடும். சீனி வருத்தக்காரர்கள் வழக்கமான குளிசையையோ இன்சுலினையோ போட்டுக்கொண்டு வெறும் வயிற்றோடு அப்படி பஸ் ஏறக்கூடாது, வழியில் மயங்கி விழ நேரும். அன்று காலை மருந்தை எப்போது எடுப்பது என்று முதலிலேயே கிளினிக்கில் கேட்டுக்கொள்ளுங்கள். பிரஷர் குளிசையைத் தண்ணீரோடு போடலாம்.

ரெண்டு லேப்ல ரெண்டு கணக்கு சொல்றாங்க. எதை நம்புறது?

10, 15 புள்ளி வித்தியாசம் என்றால் இரண்டையும் நம்பலாம். ஒரே லேப்பில் ஒரே ஆளுக்கு வாரம் மாறிப் பார்த்தாலும் அவ்வளவு ஏறி இறங்கும். ட்ரைகிளிசரைட் இன்னும் அதிகமாக ஆடும். காய்ச்சலோ பெரிய வருத்தமோ வந்து எழும்பியவருக்கும், மாரடைப்பு வந்து சில நாளானவருக்கும் எல்.டி.எல். பொய்யாகக் குறைந்து காட்டும். கர்ப்பிணிகளுக்கு இயல்பாகவே கூடும். அதை வைத்து யாரும் பயமுறுத்தினால் கேட்க வேண்டாம். முடிந்தவரை ஒரே லேப்பில் எடுங்கள், பழைய ரிப்போர்ட்டை வீசாதீர்கள்.

எல்.டி.எல். எடத்துல ஒண்ணுமே போடல. காசு வாங்கிட்டு ஏமாத்திட்டாங்களா?

இல்லை. பல லேப்களில் எல்.டி.எல்.லை நேரே அளப்பதில்லை, கணக்குப் போட்டுத்தான் எழுதுகிறார்கள். மொத்தத்தில் எச்.டி.எல்.லையும், ட்ரைகிளிசரைட்டில் ஐந்தில் ஒரு பங்கையும் கழிப்பது அந்தக் கணக்கு. மேலே சொன்ன அக்காவுக்கு 243இல் 46உம், 160இல் ஐந்தில் ஒரு பங்கான 32உம் (வி.எல்.டி.எல். வரி அதுதான்) போக 165 வந்தது அப்படித்தான். 1972இலிருந்து இருக்கும் சூத்திரம் இது. ட்ரைகிளிசரைட் 400ஐத் தாண்டினால் அது வேலை செய்யாது, அதனால் வெறுமனே விட்டுவிடுவார்கள்.

அப்படியென்றால் நீங்கள் கவலைப்பட வேண்டியது எழுதாத எல்.டி.எல்.லைப் பற்றி அல்ல, எழுதியிருக்கும் ட்ரைகிளிசரைட்டைப் பற்றி. 500க்கு மேல் போகும்போது கணையம் வீங்கும் ஆபத்து தொடங்குகிறது, ஆயிரத்தைத் தாண்டினால் அது பெரிய ஆபத்து. பெரும்பாலும் பின்னால் இருப்பது சாராயம் அல்லது கசிப்பு, இல்லாவிட்டால் கட்டுக்கு வராத சீனி வருத்தம். ரிப்போர்ட்டை அடுத்த கிளினிக் நாள்வரை மடித்து வைக்காமல் உடனே காட்டுங்கள். மேல்வயிறு முதுகுவரை குத்தி வாந்தியும் வந்தால் நேரே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

எனக்கு எல்.டி.எல். வெறும் 110தான், தடிச்ச எழுத்துலகூட போடல. அப்பறம் எதுக்கு டொக்டர் குளிசை எழுதுனாரு?

இது நல்ல கேள்வி. ரிப்போர்ட்டில் தடித்த எழுத்திலோ நட்சத்திரம் போட்டோ காட்டுவது மெஷின். அதற்கு உங்களைத் தெரியாது. உங்களுக்குச் சீனி வருத்தம் இருக்கிறது, மூன்று வருஷத்துக்கு முன் மாரடைப்பு வந்தது, பீடி குடிக்கிறீர்கள் என்பதெல்லாம் அந்தத் தாளில் இல்லை. டொக்டர் பார்ப்பது கொலஸ்ட்ரோலை மட்டும் அல்ல, அடுத்த பத்து வருஷத்தில் உங்களுக்கு மாரடைப்போ பாரிசவாதமோ வர எவ்வளவு சாத்தியம் என்பதை. வயது, ஆணா பெண்ணா, பிரஷர், சீனி, புகைத்தல், மொத்தக் கொலஸ்ட்ரோல் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்கும் உலக சுகாதார ஸ்தாபனத்தின் நிறம் போட்ட அட்டவணை ஒன்று கிளினிக் மேசையில் இருக்கும். பச்சையில் நிற்கிறவரையும் சிவப்பில் நிற்கிறவரையும் ஒரே மாதிரி நடத்த முடியாது.

ஏற்கெனவே மாரடைப்பு வந்தவருக்கு 110 என்பது கூடுதல்தான். அவருக்கு 70க்குக் கீழே கொண்டுவரப் பார்ப்பார்கள். ஐரோப்பிய இதயவியல் சங்கம் 2019இல் 55க்குக் கீழே என்று எழுதிவிட்டது. 40 வயது தாண்டிய சீனி வருத்தக்காரர்களுக்கு எல்.டி.எல். எவ்வளவாக இருந்தாலும் அதைக் குறைக்கும் ஸ்டாட்டின் என்ற வகைக் குளிசை கொடுப்பது வழக்கம்.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அட்டவணையில் “புகைத்தல்” என்று இருப்பதால் வெற்றிலையோடு புகையிலை போடுகிறவர்கள் “எனக்குப் பழக்கம் ஒண்ணும் இல்ல” என்று சொல்லிவிடுகிறார்கள். மெல்லும் புகையிலையும் இதயத்துக்குக் கெடுதிதான். கேட்காவிட்டாலும் சொல்லுங்கள்.

பக்கத்து லயத்து அக்காவுக்கு என்னைவிட கொறவு, அவங்களுக்கு மருந்து. எனக்கு 165, மருந்து இல்ல. ஏன்?

மேலே சொன்ன அதே காரணம், மறுபக்கமாக. உங்களுக்கு வயது 38, பிரஷர் இல்லை, சீனி இல்லை, புகையிலை இல்லை என்றால் மூன்று மாதம் சாப்பாட்டைத் திருத்திப் பார்க்கச் சொல்லியிருப்பார். அது கவனக்குறைவு அல்ல.

காசில்லாம எங்க பாக்கலாம்?

35 வயது தாண்டியவர்களுக்காக அரசாங்க ஆஸ்பத்திரிகளில் ஹெல்தி லைஃப்ஸ்டைல் சென்டர் நடத்துகிறார்கள். பிரஷர், சீனி, எடை எல்லாம் பார்த்து, மேலே சொன்ன அட்டவணையிலும் இடம் பார்ப்பார்கள். வருத்தம் வந்தபின் போகிற இடம் அல்ல, வருமுன் போகிற இடம். எந்த நாளில் நடக்கிறது என்று எம்.ஓ.எச். (சுகாதார வைத்திய அதிகாரி) அலுவலகத்திலோ தோட்ட டிஸ்பென்சரி ஐயாவிடமோ கேளுங்கள். ஒருநாள் பேர் (அன்றைய சம்பளம்) போகுமே என்ற கவலை நியாயமானதுதான், ஆனாலும் சுகமாக இருக்கும்போது ஒருமுறை போய் வாருங்கள்.

நான் ஒல்லி. தெனமும் மலை ஏறி எறங்கி கொழுந்து எடுக்குறேன். எனக்கு எப்பிடி கொலஸ்ட்ரோல்?

உடம்பை அசைத்து வேலை செய்வதால் ட்ரைகிளிசரைட் குறையும், எச்.டி.எல். கொஞ்சம் ஏறும், பிரஷரும் சீனியும் கட்டுக்குள் நிற்கும். எல்.டி.எல். மட்டும் அவ்வளவாக அசைவதில்லை. அதைத் தீர்மானிப்பது முக்கால்வாசியும் ஈரல்தான். ஈரல் எவ்வளவு செய்கிறது, ரத்தத்திலிருந்து எவ்வளவு திருப்பி எடுக்கிறது என்பது பிறப்பிலேயே அமைவது. எலும்பும் தோலுமாக இருந்து 200 காட்டுகிறவர்களும் உண்டு.

தைரொயிட் சுரப்பி மந்தமாக இருந்தாலும் எல்.டி.எல். ஏறும். உடம்பு அசதி, குளிர் தாங்காமை, மலச்சிக்கல் எல்லாம் சேர்ந்திருந்தால் டி.எஸ்.எச். டெஸ்ட் பற்றிக் கேளுங்கள். நுவரெலியாப் பக்கத்துக் குளிரில் “குளிர் தாங்கல” என்பதை யாரும் வருத்தமாக எடுப்பதில்லை, அதனால் இது தப்பிப் போகிறது. தைரொயிட்டுக்கு மருந்து எடுத்தாலே சிலருக்குக் கொலஸ்ட்ரோலும் இறங்கிவிடும்.

தேங்காய விட்டுட்டு எப்பிடி சாப்பிடுறது? தேங்காய்ல கொலஸ்ட்ரோல் இல்லன்னு டிவியில சொன்னாங்களே.

டிவியில் சொன்னது சரி, சொல்லாமல் விட்டதுதான் பிரச்சினை. செடிகொடியிலிருந்து வரும் எதிலும் கொலஸ்ட்ரோல் கிடையாது. ஆனால் தேங்காய் எண்ணெயில் பத்தில் எட்டுப் பங்குக்கு மேல் நிறைவுற்ற கொழுப்பு, பாம் ஒயிலில் பாதிக்குப் பாதி. ஈரல் எல்.டி.எல்.லை ரத்தத்திலிருந்து எடுப்பதை அந்தக் கொழுப்பு மந்தமாக்குகிறது. மற்றத் தாவர எண்ணெய்களோடு ஒப்பிட்டால் தேங்காய் எண்ணெய் எல்.டி.எல்.லை ஏற்றத்தான் செய்கிறது.

அதற்காகச் சம்பல் இல்லாத ரொட்டி சாப்பிடச் சொல்ல மாட்டேன், சொன்னாலும் யாரும் கேட்கப்போவதில்லை. நான் சொல்வது இவ்வளவுதான்: ரொட்டி மாவிலும் தேங்காய்ப்பூ, தொட்டுக்கொள்ளச் சம்பல், பருப்பிலும் முதற்பால் என்று ஒரே வேளையில் மூன்று இடத்தில் போடாதீர்கள். ஒன்றில் போடுங்கள். பருப்பையும் கீரையையும் பாலில்லாமல் தாளித்து இறக்கலாம். பொரித்த எண்ணெயைத் திரும்பத் திரும்பக் காய்ச்சாதீர்கள். கரட், லீக்ஸ், கோவா, போஞ்சி நம் பக்கத்தில் விளைபவை, ஆனால் தட்டில் ஒரு கரண்டிதான் இருக்கும். அதைக் கூட்டி ரொட்டியை ஒன்று குறைத்தால் ட்ரைகிளிசரைட்டும் கேட்கும். முட்டை நாளுக்கு ஒன்று பலருக்குப் பிரச்சினை இல்லை. கருவாட்டின் குற்றம் கொலஸ்ட்ரோல் அல்ல, உப்பு. பிரஷர்காரர்கள் அதைக் குறைக்க வேண்டும்.

தேத்தண்ணி கொலஸ்ட்ரோலக் கொறைக்கும்னு சொல்றாங்க. நாங்க எவ்வளவு குடிக்கிறோம்!

பச்சைத் தேயிலை எல்.டி.எல்.லைச் சில மில்லிகிராம் குறைப்பதாக ஆய்வுகள் உண்டு. அது குளிசைக்கு ஈடாகாது. நாம் குடிப்பது தூள் தேத்தண்ணி, அதிலும் கோப்பைக்கு இரண்டு மூன்று கரண்டி சீனி, நாளைக்கு ஆறேழு கோப்பை. அந்தச் சீனி ஈரலுக்குப் போய் ட்ரைகிளிசரைட்டாகத் திரும்புகிறது. டின்பால் சேர்த்தால் இன்னும் மோசம். தேயிலையில் குற்றம் இல்லை, சீனியைக் குறைத்துவிட்டு எவ்வளவு வேண்டுமானாலும் குடியுங்கள்.

வெள்ளப்பூடு, வெந்தயம், ரணவரா எல்லாம் இருக்கே. மூணு மாசம் பத்தியமா இருந்து பாத்துட்டு மருந்து எடுக்கலாமா?

பத்தியம் இருக்கலாம், ஆனால் யார் இருக்கலாம் என்று ஒரு கணக்கு உண்டு. சாப்பாட்டைக் கவனமாகத் திருத்தினால் எல்.டி.எல். 10 முதல் 15 சதவீதம் இறங்கும். 165 உள்ள அக்கா 140 பக்கம் வரலாம். வேறு ஆபத்து இல்லாதவருக்கு அது போதுமாக இருக்கும். மாரடைப்பு வந்தவரும் 190க்கு மேல் உள்ளவரும் அதற்காக மூன்று மாதம் காத்திருக்கக் கூடாது. அவர்களுக்குப் பத்தியமும் வேண்டும், குளிசையும் வேண்டும்.

வெள்ளைப்பூடு செய்வது மிகச் சொற்பம். ரணவராவைச் சீனி போட்ட தேத்தண்ணிக்குப் பதிலாகக் குடிக்கலாம், அதுவே லாபம்தான். குளிசைக்குப் பதிலாகக் குடிக்க வேண்டாம்.

இந்தக் குளிசை சூடாமே? கெமிக்கல்னு சொல்றாங்க.

ஸ்டாட்டின் முதலில் கிடைத்தது ஒரு பூஞ்சணத்திலிருந்து. அகிரா எண்டோ என்ற ஜப்பான்காரர் ஆயிரக்கணக்கான பூஞ்சண வகைகளைச் சோதித்து 1973இல் அதைக் கண்டுபிடித்தார். அந்த வழியில் வந்த லோவாஸ்டாட்டின் 1987இல் அமெரிக்காவில் விற்பனைக்கு அனுமதி பெற்றது. ஈரல் கொலஸ்ட்ரோல் செய்வதற்குத் தேவையான ஒரு நொதியை இது தடுக்கிறது. தன் தேவைக்குப் போதாமல் போவதால் ஈரல் ரத்தத்தில் ஓடும் எல்.டி.எல்.லை இழுத்து எடுக்கிறது. அதோடு குழாயில் ஏற்கெனவே படிந்திருப்பதை வெடிக்காமல் இறுக்கியும் வைக்கிறது. உடம்பில் சூடு ஏற்றுவதாக எதுவும் இல்லை.

குளிசை போட்டு 165 இருந்தது 98க்கு வந்திருச்சு. சொகமாயிருச்சுதானே, நிப்பாட்டலாமா?

இந்த ஒரு கேள்விக்காகவே இவ்வளவும் எழுதினேன் என்று சொல்லலாம். 98 உங்கள் உடம்பின் எண் அல்ல, குளிசையோடு சேர்ந்த உங்கள் உடம்பின் எண். நிறுத்தினால் சில வாரங்களில் பழைய 165க்கே போய்விடும். மலையில் போன வருஷம் கான் (மழைத்தண்ணீர் வடியும் வாய்க்கால்) வெட்டியதால் மண் சரியவில்லை, ஆகவே இந்த வருஷம் கான் தேவையில்லை என்று எந்தக் கங்காணியும் சொல்ல மாட்டார்.

நிறுத்தினால் அன்றைக்கே எதுவும் தெரியாது. தலை சுற்றாது, நெஞ்சு வலிக்காது, அதுதான் இதில் உள்ள சிக்கல். பிரஷர் ஏறினால்கூடச் சிலருக்குத் தலைவலி வரும், எல்.டி.எல். ஏறினால் ஒன்றும் வராது. மாரடைப்பு வந்தவர், ஸ்டென்ட் வைத்தவர், பாரிசவாதம் வந்தவர் சொந்தமாக நிறுத்தவே கூடாது. மற்றவர்கள் எடை குறைத்து, புகையிலையை விட்டு, ஆபத்தே குறைந்திருந்தால் டொக்டரோடு பேசி அளவைக் குறைக்க இடம் உண்டு.

குளிசை தொடங்கினால் ஆறு வாரத்திலோ மூன்று மாதத்திலோ ஒருமுறை பார்ப்பார்கள். அதற்கு முன் வாராவாரம் லேப்புக்குக் காசு கொடுக்க வேண்டாம்.

ராத்திரி போட மறந்து தூங்கிட்டேன். காலையில போடலாமா?

எந்தக் குளிசை என்பதைப் பொறுத்தது. அட்டோவாஸ்டாட்டினும் ரோசுவாஸ்டாட்டினும் உடம்பில் நெடுநேரம் நிற்பவை, காலையிலோ இரவிலோ ஒரே நேரத்தில் எடுத்தால் போதும். சிம்வாஸ்டாட்டின் சீக்கிரம் கரைந்துவிடும், அதை இரவில்தான் எடுக்க வேண்டும். மறந்தால் அடுத்த வேளைக்கு இரட்டிப்பாகப் போடாதீர்கள். கிளினிக் நாளைத் தவறவிட்டு ஒரு கிழமை மருந்தில்லாமல் இருந்துவிட்டாலும், கிடைத்தவுடன் பழைய அளவிலேயே திரும்பத் தொடங்கலாம்.

துண்டுல 20ன்னு எழுதியிருக்கு, ஆஸ்பத்திரியில 10 குளிசை தந்தாங்க. வெளிய வாங்குனது வேற பேர்ல இருக்கு. எல்லாத்தையும் போடவா?

கொஞ்சம் பொறுங்கள். முதலில் அட்டையைத் திருப்பிச் சின்ன எழுத்தைப் படியுங்கள். கம்பனிப் பெயர் பெரிதாகவும் மருந்தின் உண்மைப் பெயர் சின்னதாகவும் இருக்கும். அந்தப் பெயர் “ஸ்டாட்டின்” என்று முடிந்தால் இரண்டும் ஒரே குடும்பம், ஒன்றைத்தான் எடுக்க வேண்டும். ஆஸ்பத்திரியில் கிடைத்த அட்டோவாவையும், பிரைவட்டில் எழுதிக் கொடுத்த ரோசுவாவையும் சேர்த்து மாதக்கணக்கில் போடுகிறவர்கள் வருகிறார்கள். கவுண்டருக்கு வரும்போது கிளினிக் கொப்பியையும் வீட்டில் உள்ள எல்லா அட்டைகளையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுவாருங்கள். ஒன்றும் கேட்காமலே எனக்குப் பாதி விளங்கிவிடும்.

துண்டில் 20 என்று எழுதி, கையில் அதே மருந்து 10ஆக இருந்தால், இரண்டு போட்டால் 20தான். அதில் தப்பில்லை. ஆனால் ரோசுவா 10உம் அட்டோவா 10உம் ஒன்றல்ல, ரோசுவா பலம் கூடியது. அளவை இரட்டிப்பாக்கினால் எல்.டி.எல்.லும் இரட்டிப்பாக இறங்கும் என்றும் நினைக்க வேண்டாம். ஒவ்வொரு இரட்டிப்புக்கும் கிடைப்பது இன்னும் சுமார் 6 சதவீதம்தான்.

இத போட்டதுலேருந்து ஒடம்பெல்லாம் வலிக்குது. என்னா செய்ய?

வலியைக் கேலி செய்ய மாட்டேன், ஆனால் சில கேள்வி கேட்பேன். எந்த இடம்? ஸ்டாட்டினால் வரும் வலி தசையில், இரண்டு தொடையிலும் அல்லது இரண்டு தோளிலும் ஒரே மாதிரி, மருந்து தொடங்கிய அல்லது கூட்டிய சில வாரங்களில் வரும். ஒரு முழங்கால் மூட்டு மட்டும் வலித்தால், அல்லது கூடை தூக்கும் பக்கத்து இடுப்பு மட்டும் வலித்தால், அது பெரும்பாலும் வேலையின் வலி. முன்பே இருந்ததா என்று யோசியுங்கள்.

லண்டனில் ஒரு ஆய்வு நடந்து 2020இல் வெளிவந்தது. பக்கவிளைவுகளால் ஸ்டாட்டினை விட்டிருந்த 60 பேருக்கு நாலு மாதம் ஸ்டாட்டின், நாலு மாதம் மருந்தில்லாத வெற்றுக் குளிசை, நாலு மாதம் ஒன்றுமில்லாமல் மாற்றி மாற்றிக் கொடுத்துப் பார்த்தார்கள். ஸ்டாட்டினில் வந்த தொல்லையில் பத்தில் ஒன்பது பங்கு வெற்றுக் குளிசையிலும் வந்தது. வலி பொய் என்று அர்த்தமல்ல, வலிக்குக் காரணம் எப்போதும் மருந்தின் சத்து அல்ல என்று அர்த்தம். தசைப் பாதிப்பைக் காட்டும் சி.கே. என்ற ரத்தப் பரிசோதனையை டொக்டர் எழுதலாம், அளவைக் குறைக்கலாம், வேறு ஸ்டாட்டினுக்கு மாற்றலாம். சொல்லாமல் விட்டுவிடுவதுதான் கூடாது.

தாங்க முடியாத தசைவலியோடு சிறுநீர் கடும் சாயத்தண்ணி நிறத்தில் போனால் மட்டும் காத்திருக்காதீர்கள். அது அபூர்வம், ஆனால் வந்தால் கிட்னியைப் பாதிக்கும். குளிசையை நிறுத்திவிட்டு அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

ஈரலும் கிட்னியும் பழுதாகும், சீனியும் வரும்னு சொல்றாங்களே அண்ணே?

மூன்றையும் தனித்தனியாகப் பிரிப்போம். ஈரல் டெஸ்டில் சிலருக்குச் சிறிது ஏற்றம் வரும், பெரும்பாலும் தானாக இறங்கிவிடும். சாதாரண அளவைவிட மூன்று மடங்குக்கு மேல் போனால்தான் மருந்தைப் பற்றி யோசிப்பார்கள். ஈரலில் கொழுப்பு என்று ஸ்கேனில் வந்தவர்களும் ஸ்டாட்டின் எடுக்கலாம். கண் மஞ்சளானால் உடனே காட்டுங்கள். கிட்னியைப் பொறுத்தவரை, கிட்னி வருத்தம் உள்ளவர்களுக்கு மாரடைப்பு ஆபத்தே கூடுதல் என்பதால் அவர்களுக்கும் கொடுப்பார்கள், ரோசுவா போன்றவற்றில் அளவை மட்டும் குறைப்பார்கள்.

சீனி விஷயத்தில் உண்மை இருக்கிறது. ஏற்கெனவே விளிம்பில் இருப்பவர்களுக்குச் சீனி கொஞ்சம் ஏறலாம். ஆனால் ஆபத்து கூடிய ஆளுக்கு மருந்து தடுக்கும் மாரடைப்பின் பக்கம்தான் தராசு சாய்கிறது. வருஷத்துக்கு ஒருமுறை சீனி பாருங்கள்.

வேற மருந்தோட சேர்த்துப் போடலாமா?

பெரும்பாலானவற்றோடு போடலாம். கவனிக்க வேண்டியது சிலதுதான், அதில் நம் பக்கத்தில் அதிகம் மாட்டுவது படைக் குளிசை. மழைக்காலத்தில் நனைந்த துணியோடு நிற்கிறவர்களுக்கு இடுப்பிலும் தொடையிலும் படை வரும், அதற்கு இட்ராகொனசோல் எழுதுவார்கள். அது சிம்வாவோடும் அட்டோவாவோடும் சேர்ந்தால் ஸ்டாட்டின் உடம்பில் தேங்கித் தசையைத் தாக்கலாம். கிளாரித்ரோமைசின், எரித்ரோமைசின் என்ற அன்டிபயோட்டிக்குகளும் அப்படித்தான். அந்த நாட்களுக்கு மட்டும் ஸ்டாட்டினை நிறுத்தச் சொல்வார்கள், பிறகு தொடங்க வேண்டும். படைக்கு வேறு டொக்டரிடம் போனாலும் கிளினிக் கொப்பியைக் கொண்டுபோங்கள். ட்ரைகிளிசரைட்டுக்கு ஜெம்ஃபிப்ரோசில் எழுதியிருந்தால் வாங்குமுன் ஸ்டாட்டின் எடுப்பதையும் சொல்லுங்கள்.

மகளுக்கு 29 வயசு, எல்.டி.எல். 230. கல்யாணம் பேசிக்கிட்டு இருக்கோம். மருந்து தொடங்கணுமா?

அந்த வயதில் 230 என்றால் குடும்ப வழியில் வருவதா என்று பார்க்க வேண்டும். தாய் தகப்பன், மாமா, சித்தப்பா யாருக்காவது சின்ன வயதில் மாரடைப்பு வந்ததா? குதிகாலின் பின்னால் உள்ள தசைநாணில் தடிப்பு உண்டா? சுமார் 250 பேரில் ஒருவருக்கு இது இருக்கிறது. தாய்க்கோ தகப்பனுக்கோ இருந்தால் பிள்ளைகளில் பாதிப்பேருக்கு வர இடமுண்டு. அப்படியானால் உங்களுக்கும் மற்றப் பிள்ளைகளுக்கும் ரத்தம் பார்க்க வேண்டும். கல்யாணத்துக்காக மறைக்கிற வருத்தமல்ல இது, மருந்தால் நன்றாகக் கட்டுப்படும்.

கர்ப்பம் தரிக்க நினைக்கும்போதும், கர்ப்பத்திலும், பால் கொடுக்கும் காலத்திலும் ஸ்டாட்டினைப் பொதுவாக நிறுத்துவார்கள். எப்போது நிறுத்துவது, எப்போது திரும்பத் தொடங்குவது என்று முன்கூட்டியே டொக்டரிடம் கேட்டு வைக்க வேண்டும். தெரியாமல் சில வாரம் எடுத்துவிட்டால் பதறாமல் கிளினிக்கில் சொல்லுங்கள்.

அப்பாவுக்கு 78. இனி எதுக்கு இந்தக் குளிசை?

பல வருஷமாக எடுத்து, ஒத்துப்போயிருந்தால் வயதை மட்டும் காரணம் காட்டி நிறுத்த வேண்டியதில்லை. இந்த வயதில் புதிதாகத் தொடங்குவதா என்பது வேறு கேள்வி, அவருடைய உடல்நிலையையும் விருப்பத்தையும் பார்த்து டொக்டர் சொல்வார். பை நிறைய மருந்து விழுங்குகிற பெரியவர்களுக்கு எது அவசியம், எது இல்லை என்று வருஷத்துக்கு ஒருமுறை கேட்டுவிடுவது நல்லது.

நெஞ்சு இறுக்குற மாதிரி வந்தா ஒரு குளிசை கூடப் போட்டுக்கலாமா?

வேண்டாம். ஸ்டாட்டின் அவசரத்துக்கு உதவும் மருந்தல்ல, அது வருஷக்கணக்கில் வேலை செய்வது. நெஞ்சு இறுகி வியர்த்தால், இடது கையோ தாடையோ வலித்தால், முகம் கோணினால், ஒரு பக்கம் கை கால் விழுந்தால் 1990க்கு அடியுங்கள். சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம், தமிழிலும் பேசலாம். லயத்துக்கு வரும் பாதை மோசமென்றால் எந்தச் சந்தியில் வந்து நிற்பீர்கள் என்று சொல்லி, ஆளை நடக்க விடாமல் தூக்கியாவது அங்கே கொண்டுவாருங்கள்.

வீட்டுக்காரருக்குக் குடுத்ததுல மிச்சம் இருக்கு. எனக்கும் கூடத்தானே, நானும் அதையே போடலாமா?

அவருடைய அளவு அவருக்கு வந்த மாரடைப்புக்காக எழுதியது. உங்கள் அட்டவணை வேறு, தைரொயிட் வேறு, போடும் மற்ற மருந்து வேறு. அதைவிட எனக்கு உறுத்துவது அந்த “மிச்சம்” தான். ஒரு மாதத்துக்கு எண்ணிக் கொடுத்த குளிசையில் மிச்சம் இருக்கிறதென்றால் அவர் ஒழுங்காகப் போடவில்லை. முதலில் அதை விசாரியுங்கள், பிறகு உங்கள் ரிப்போர்ட்டைக் கொண்டுவாருங்கள்.